பள்ளத்தூர் வீட்டில் ஐந்து பாட்டு: முதல் வெளியீட்டுக்கு வெளிக் கலைஞர்களை வைத்துப் பதிவு செய்வது எப்படி?

தேவகோட்டையிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். சொந்தமாக எழுதி மெட்டுப் போட்ட நான்கு பாட்டு கையில் இருக்கிறது. ஐந்தாவது, கண்ணதாசன் கவிதை ஒன்றுக்குத் தம்பியே போட்ட மெட்டு. செட்டிநாட்டுப் பள்ளத்தூரில் அப்பத்தா வீடு பூட்டிக் கிடக்கிறது, அங்கேயே பதிவு செய்ய ஆசை. பழக்கமான ஒரு நாதஸ்வரம், தவில் செட், சென்னையில் ஓரளவு பெயர் வாங்கிய ஒரு பாடகி, சிங்கப்பூரில் இருக்கும் புல்லாங்குழல் நண்பர், ஆரம்பத்தில் ஆயாவின் (பாட்டியின்) தாலாட்டு. யாரை எப்போது கூப்பிடுவது, எப்படிப் பதிவு செய்வது, பணம், பெயர், உரிமை எல்லாம் எப்படி என்பது கேள்வி.

இருபது வருஷத்துக்கு மேல் சென்னையில் ஒலிப்பதிவு வேலை பார்த்துவிட்டு இப்போது காரைக்குடியில் இருக்கிறேன். தெரிந்ததைச் சொல்கிறேன்.

உங்கள் வரிசையே தலைகீழாக இருக்கிறது தம்பி. ஐந்து பாட்டையும் கம்ப்யூட்டரில் முழுசாக முடித்துவிட்டு, கடைசியில் வெளிக் கலைஞர்களைக் கூப்பிட்டு மேலே தூவிக்கொள்ளலாம் என்று எழுதியிருக்கிறீர்கள். முதல் வெளியீடு செய்கிற பத்துப் பேரில் எட்டுப் பேர் இப்படித்தான் செய்கிறார்கள், கெட்டுப்போவதும் இங்கேதான். ஒரு முறை என் கண்ணெதிரே நடந்தது. கிடார், கீபோர்டு, டிரம்ஸ் எல்லாம் நிரப்பி, 5 கட்டையில் பாட்டு முடிந்துவிட்டது (கட்டை என்பது சுருதியின் அளவு, எண் கூடினால் சுருதி ஏறும்). கடைசி நாள் நாதஸ்வரக்காரர் வந்தார். வந்ததும் கேட்ட முதல் கேள்வி, “எத்தனை கட்டை?” அவர் கையில் இருந்தது 2½ கட்டை வாத்தியம். சரி, அதிலேயே வாசிக்கட்டும், கம்ப்யூட்டரில் சுருதியை ஏற்றிக்கொள்ளலாம் என்றார் பாட்டுக்காரர். ஏற்றினார்கள். திருவிழாக் கடையில் விற்கிற பீப்பீ மாதிரி வந்தது. நாதஸ்வரத்தின் கனமே அதன் உடலில் இருக்கிறது. சுருதியை நகர்த்தும்போது உடலும் சேர்ந்து சுருங்கிவிடும்.

அதனால் முதல் வேலை இதுதான். எந்தப் பாட்டில் யார் வருகிறார்கள் என்று முடிவு செய்து, அந்தப் பாட்டின் சுருதி, வேகம், இடைவெளி மூன்றையும் அவர்களை வைத்தே தீர்மானியுங்கள். பாரி நாதஸ்வரம் பெரும்பாலும் 2 அல்லது 2½ கட்டை. உங்கள் பாட்டு 5 கட்டை என்றால் 2 கட்டை வாத்தியத்தின் மத்யமத்தை (ம) பாட்டின் ஸட்ஜமாக (ஸ) வைத்து வாசிக்கலாம், கணக்கு சரியாக வரும். ஆனால் விரல் போகிற இடமும் பாட்டின் வீச்சும் மாறிவிடும். புன்னாகவராளி, நாதநாமக்கிரியை மாதிரி சுருங்கிய எல்லைக்குள் நிற்கிற ராகங்களை மத்யம சுருதியில் பாடுகிற, வாசிக்கிற வழக்கம் உண்டு. உங்கள் மெட்டு அப்படிப்பட்டதா என்று அவரிடமே பாடிக் காட்டிக் கேளுங்கள். ஐந்து நிமிஷத்தில் சொல்லிவிடுவார்.

இன்னொன்று பலருக்குத் தெரியாது. ஊர் வாத்தியம் கீபோர்டின் 440 ஹெர்ட்ஸ் சுருதிக் கணக்குக்கு அச்சாக நிற்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். சீவாளி (வாயில் வைத்து ஊதுகிற நாணல்) மாறினால் கொஞ்சம் மாறும், காலைக் குளிரில் இறங்கும், வெயில் ஏறினால் ஏறும். பதிவுக்கு ஒரு வாரம் முன் அவர் வீட்டுக்குப் போய், கச்சேரியில் வாசிக்கிற அதே சீவாளியில் ஸட்ஜத்தை இருபது விநாடி ஊதச் சொல்லி போனில் எடுத்துக்கொள்ளுங்கள். டியூனர் ஆப்பில் பார்த்தால் எத்தனை சென்ட் (அரைச் சுரத்தில் நூறில் ஒரு பங்கு) மேலே, கீழே என்று தெரியும். உங்கள் பைலட் டிராக்கை (வழிகாட்டத் தோராயமாக எடுத்து வைத்த பதிவை) அந்த அளவுக்கு நகர்த்திக்கொண்டு, மற்ற வாத்தியங்களை அதற்கு மேல் கட்டுங்கள். கீபோர்டை நகர்த்த ஒரு பட்டன் போதும். நாதஸ்வரக்காரரை நகர்த்தினால் உதட்டை இறுக்கியே வாசிப்பார், கமகம் (சுரத்தை அசைத்து வாசிப்பது) விறைத்துப்போகும்.

பாடகி விஷயமும் இதே கதை. நீங்கள் 1 கட்டை, அவர் 5 கட்டை என்றால் நடுவில் ஒரு சுருதி பிடித்து இருவரும் கஷ்டப்படுவதைவிட, அவர் வருகிற சரணத்தை மட்டும் 4 கட்டைக்குத் தூக்கிவிடுங்கள். 1 கட்டைக்கு மத்யமம் அது, காது உறுத்தாமல் ஏறும். இடையிசையில் நான்கு ஆவர்த்தனம் (தாளச் சுற்று) இருந்தால் போதும்.

எந்த நாள் என்பதைப் பஞ்சாங்கம் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும், ஜோசியத்துக்காக அல்ல. தை பிறந்துவிட்டால் மேளக்காரர்களுக்கு முகூர்த்தம். மாசி, பங்குனியில் முத்துமாரியம்மன் திருவிழா, அப்புறம் கொப்புடையம்மன், சுற்றுவட்டக் கோயில்கள். மார்கழியில் கல்யாணம் கிடையாது. விடிகாலைக் கோயில் சேவை முடிந்தால் பகல் முழுக்க ஓய்வுதான். ஃபேனை நிறுத்திவிட்டுப் பதிவு செய்ய வேர்க்காத மாதமும் அதுதான். ஒரே தொந்தரவு, உங்கள் பாடகி சபா கச்சேரி செய்கிறவராக இருந்தால் மார்கழியில் சென்னையை விட்டு நகர மாட்டார். அவரைப் பள்ளத்தூருக்கு இழுக்கவும் வேண்டாம். நீங்கள் காலைப் பல்லவன் ரயிலில் ஏறிப் போய், அவருக்குப் பழகிய ஸ்டுடியோவில் இரண்டு மணி நேரம் எடுத்துக்கொண்டு வாருங்கள். கார், தங்கல், சாப்பாடு எல்லாம் கூட்டினால் அதுதான் மலிவு. தொண்டையும் தன் ஊரில் தான் நன்றாக இருக்கும்.

இப்போது வீடு. ஆசைப்படுவது நியாயம், ஆனால் ஒரு முறை வளவில் (முற்றமும் அதைச் சுற்றிய தாழ்வாரமும்) நின்று கை தட்டிப் பாருங்கள். ‘டர்ர்ர்’ என்று ஒரு நடுக்கம் ஓடும். முட்டை வெள்ளைக்கரு கலந்து கண்ணாடி மாதிரித் தேய்த்த சுவர், ஆத்தங்குடிக் கல் பாவிய தரை, எதிரெதிரே இரண்டு வழுவழுப்பு. குரல் அதில் மாட்டிக்கொண்டு ஓடிக்கொண்டே இருக்கும். நாதஸ்வரத்துக்கு அது வரம், குரலுக்கு அது கேடு.

அதனால் குரலையும் கிடாரையும் வளவில் எடுக்காதீர்கள். வளவைச் சுற்றி இருக்கும் சின்ன அறைகளில் ஒன்றைப் பிடியுங்கள். நம் வீடுகளில் கல்யாணச் சீராக வந்த மெத்தை, தலையணை, ஜமுக்காளத்துக்கா பஞ்சம்? மெத்தைகளைச் சுவரில் சாய்த்து, தரையில் ஜமுக்காளம் இரண்டு மடிப்பு, பாடுகிறவர் முதுகுக்குப் பின்னால் கயிறு கட்டி ஒரு கம்பளி. கடையில் விற்கும் கறுப்பு ஸ்பாஞ்சைவிட மெத்தை ரொம்ப மேல், ஸ்பாஞ்ச் கீழ்ச் சத்தத்தைத் தொடவே தொடாது. மறக்காமல் அறையில் இருக்கிற பாத்திரத்தை வெளியே எடுத்து வையுங்கள். பித்தளை அண்டா, எவர்சில்வர் தூக்கு எல்லாம் நீங்கள் உச்சத்தில் பாடும்போது கூடவே முனகும். நான் ஒரு நாள் முழுக்க மைக்கில் கோளாறு என்று தேடி, கடைசியில் பரண் மேல் கவிழ்த்து வைத்த ஒரு குத்துப்போணியைக் கண்டுபிடித்தேன்.

பழைய வயரிங்கில் எர்த் இருக்காது. ஹெட்போனில் ‘உம்ம்’ என்று வந்தால் லேப்டாப் சார்ஜரைப் பிடுங்கிவிட்டு பேட்டரியில் ஓட்டுங்கள், பெரும்பாலும் நின்றுவிடும். மாதாந்திரப் பராமரிப்புக்கு எந்த நாள் மின்தடை என்று பேப்பரில் பார்த்துக்கொள்ளுங்கள். பக்கத்தில் எந்தக் கோயிலில் எந்த நேரம் ஒலிபெருக்கி போடுவார்கள் என்பதை ஊர்க்காரர்களிடம் விசாரியுங்கள். நிறுத்தச் சொல்லிப் போய் நிற்காதீர்கள், அந்த நேரத்தில் சாப்பிடப் போங்கள்.

நாதஸ்வரமும் தவிலும் வளவில்தான். இருவரையும் தனித்தனியாக எடுக்கலாமா என்று கேட்பீர்கள். வேண்டாம். தவில்காரர் நாதஸ்வரக்காரரின் மூச்சைப் பார்த்துத்தான் அடி போடுகிறார், பிரித்தால் இரண்டும் உயிரில்லாமல் இருக்கும். முற்றத்துக்கு இந்தப் பக்கத் தாழ்வாரத்தில் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர், முகம் பார்க்கிற மாதிரி, பத்து, பன்னிரண்டு அடி இடைவெளி. ஒன்றின் மைக்கில் மற்றது கசியத்தான் செய்யும், கசியட்டும். நாதஸ்வர மைக்கை அணசுக்கு (கீழ்முனையில் விரிந்த வாய்க்கு) நேரே குத்திட்டு வைக்கக் கூடாது. சத்தம் விரல் துளைகளிலிருந்தும் வருகிறது, அதனால் மூன்று, நான்கு அடி தள்ளி, சற்றுப் பக்கவாட்டில், கொஞ்சம் உயரத்தில். தவிலுக்கு இரண்டு மைக். கூடு போட்ட விரல் அடிக்கிற வலந்தலைக்கு ஒன்று, கழி அடிக்கிற தொப்பிக்கு ஒன்று. மிச்சம் இரண்டு மைக் இருந்தால் முற்றத்தின் தூர மூலையில் வையுங்கள். அந்த இரண்டில் பதிவதுதான் பள்ளத்தூர் வீடு. எந்த மென்பொருள் எதிரொலியும் அதற்குக் கிட்டே வராது. லெவலைத் தாராளமாகக் குறைத்து வையுங்கள். 24 பிட்டில் உச்சம் மைனஸ் 12 டெசிபெல்லில் நின்றாலே ஏராளம். ஒத்திகையில் வாசிப்பதைவிட டேக்கில் எல்லோருமே கூட ஊதுவார்கள்.

ஹெட்போனில் வெறும் கிளிக் (தாளம் காட்டும் டிக் டிக் சத்தம்) போட்டுக் கொடுத்தால் நாதஸ்வரக்காரருக்குக் கேட்காது. தன் வாத்தியச் சத்தத்தில் அது முழுகிவிடும், அவர் பழகியதும் இல்லை. கிளிக்குக்குப் பதில் தெளிவான தாளத்தோடு பாட்டைக் கொடுங்கள், ஒரு காதில் மட்டும். முதலில் பாட்டை முழுசாக இரண்டு தடவை கேட்கவிடுங்கள். எங்கே அவர் இடம் என்று ஒரு காகிதத்தில் ‘பல்லவிக்குப் பின் எட்டு ஆவர்த்தனம்’ என்று எழுதிக் கையில் கொடுங்கள். அந்த எட்டில் உங்கள் கிடாரோ கீபோர்டோ இருக்கக் கூடாது. சும்மா சுருதியும் தாளமும் மட்டும். ஸ்வரம் ஸ்வரமாக எழுதிக் கொடுத்து ‘இதையே வாசியுங்கள்’ என்று சொல்லப்போகிறீர்கள் என்றால் கீபோர்டு நாதஸ்வரமே போதும், அவரைக் கூப்பிட வேண்டியதில்லை. மூன்று முழு டேக். அதற்கு மேல் கேட்டால் உதடு தளர்ந்துவிடும், நான்காவது எப்போதும் மூன்றாவதைவிட மோசமாகத்தான் இருக்கும். தனித்தனி வரியாக எடுத்து நடுவில் ஒட்டுவதும் (பஞ்ச்) வேண்டாம். சாப்பாடு வாசித்த பிறகு. பாசத்தில் காலையிலேயே கந்தரப்பமும் வெள்ளைப்பணியாரமும் அடுக்கிவிடாதீர்கள், வயிறு நிறைந்தால் யாருக்கும் மூச்சு ஏறாது.

சிங்கப்பூர் நண்பருக்கு ஒரே ஒரு கோப்பு அனுப்பினால் போதாது. கிளிக் இல்லாத பைலட் ஒன்று, கிளிக் மட்டும் ஒன்று, சுருதி, வேகம் எழுதிய குறிப்பு ஒன்று. அவரிடமிருந்து வர வேண்டியது 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் வேவ், பாட்டின் பூஜ்ஜியத்திலிருந்து தொடங்கியது, ரிவெர்ப் (செயற்கை எதிரொலி) எதுவும் போடாதது, மூன்று டேக். வாட்ஸப்பில் ஆடியோவாக அனுப்பினால் நசுங்கிவிடும், ‘டாக்குமெண்ட்’ ஆக அனுப்பச் சொல்லுங்கள் அல்லது டிரைவில் போடச் சொல்லுங்கள். உங்கள் பாட்டை நாதஸ்வரத்துக்காகச் சில சென்ட் நகர்த்தியிருந்தால் அதையும் அவருக்குச் சொல்ல வேண்டும். புல்லாங்குழல்காரர் கட்டைக்கு ஒரு குழல் வைத்திருப்பார், ஆனால் சென்ட் கணக்கில் குழல் கிடையாது. உதட்டில்தான் சரிசெய்ய வேண்டும். முடிந்தால் நாதஸ்வரமும் புல்லாங்குழலும் ஒரே பாட்டில் மோதாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பணம். மேளக்காரர்களுக்குத் தேதி சொல்லும்போதே அச்சாரம், வாசித்து முடித்த அன்றே மீதி. வெற்றிலை பாக்குத் தட்டில் வைத்துக் கொடுங்கள், வேட்டி துண்டு உங்கள் வசதி. ‘பாட்டு ஓடினால் ஸ்ட்ரீமிங்கில் பங்கு’ என்று மட்டும் சொல்லாதீர்கள். ஸ்பாட்டிஃபையில் 2024 முதல் ஒரு பாட்டு 12 மாதத்தில் 1000 தடவையாவது கேட்கப்பட்டிருந்தால்தான் பணமே கணக்கில் வரும். முதல் வெளியீட்டில் அந்தப் பங்கு டீச் செலவுக்குக்கூடக் காணாது. நண்பர் இலவசமாக வாசிக்கிறேன் என்றாலும் ஏதாவது கொடுங்கள். இலவசமாக வருகிற டேக் எப்போதும் ‘அடுத்த வாரம்’ வரும்.

எழுத்தில் ஒரு பக்கம் கட்டாயம் வேண்டும். தமிழிலேயே எழுதலாம். 1957 பதிப்புரிமை (காப்பிரைட்) சட்டத்தில் வாசிக்கிறவருக்கும் பாடுகிறவருக்கும் தனி உரிமை இருக்கிறது. அதை உங்களுக்கு மாற்றிக் கொடுப்பது கையெழுத்தில் இருக்க வேண்டும், வாய்வார்த்தை நிற்காது. எத்தனை வருஷம் என்று எழுதாவிட்டால் 5 வருஷம் என்றுதான் சட்டம் எடுத்துக்கொள்ளும். எந்த இடத்துக்கு என்று எழுதாவிட்டால் இந்தியாவுக்கு மட்டும். உங்கள் பாட்டை மலேசியாவில் இருக்கிற பெரியப்பா கேட்கப்போகிறார் என்றால் ‘உலகம் முழுவதும்’ என்ற இரண்டு வார்த்தை முக்கியம். வாங்கிய உரிமையை ஒரு வருஷத்துக்குள் பயன்படுத்தாவிட்டால், வேறு மாதிரி எழுதியிருந்தாலொழிய அது காலாவதி. முதல் வெளியீடு தள்ளிப்போகாமல் இருந்ததை நான் பார்த்ததில்லை, அதனால் அந்த வரியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நாதஸ்வரக்காரர் வாசித்த ஒரு பிடி (சின்ன இசைத் தொடர்) உங்கள் பாட்டின் அடையாளமே ஆகிவிட்டால், இசையமைப்பில் அவர் பெயரையும் போடுங்கள். சட்டம் கட்டாயப்படுத்துமோ இல்லையோ, என் கருத்து அதுதான். பாடகி ஏதாவது கம்பெனியோடு ஒப்பந்தத்தில் இருக்கிறாரா என்று முதல் போனிலேயே கேட்டுவிடுங்கள். இருந்தால் அவர்களிடம் ஆட்சேபம் இல்லை என்று கடிதம் வாங்காமல் ரயில் ஏறாதீர்கள்.

ஐந்தாவது பாட்டுக்கு வருகிறேன். கண்ணதாசன் சிறுகூடல்பட்டிக்காரர், நம்மவர் என்ற பாசம் புரிகிறது. ஆனால் கவிஞர் மறைந்தது 1981. நம் சட்டப்படி மறைந்த அடுத்த ஆண்டிலிருந்து 60 வருஷம், அதாவது 2041 முடியும் வரை உரிமை உண்டு. உரியவர்களிடம் எழுத்தில் அனுமதி கிடைத்தால் செய்யுங்கள், இல்லாவிட்டால் பாரதியை எடுங்கள். அதற்கும் இந்த மண்ணோடு ஒரு தொடர்பு இருக்கிறது. காரைக்குடியில் இசைத்தட்டு விற்ற குடும்பத்திலிருந்து வந்த ஏ.வி. மெய்யப்பன், தேவகோட்டை ரஸ்தாவில் ஸ்டுடியோ போட்டு எடுத்த ‘நாம் இருவர்’ 1947இல் வந்தது. பாரதி பாட்டுகளுக்குப் பின்னணி பாட டி.கே. பட்டம்மாளைத்தான் அழைத்தார்கள். வெளிக் கலைஞரைக் கூப்பிடுவது இந்தப் பக்கத்துக்குப் புதுசு இல்லை. அப்போது பாரதி பாடல்களின் ஒலிப்பதிவு உரிமை மெய்யப்பனிடமே இருந்தது. 1949இல் அரசு பாரதி படைப்புகளின் உரிமையை எடுத்துக்கொண்டது, பிறகு எல்லோருக்கும் பொதுவாக்கியது. வரிகள் பொது, ஆனால் பிறர் போட்ட பிரபலமான மெட்டு பொது இல்லை. மெட்டு உங்களுடையதாக இருக்கட்டும்.

வெளியிடுவது சுருக்கமாக: ஐந்து பாட்டு, 30 நிமிஷத்துக்குள் என்றால் இ.பி. (ஆல்பத்தைவிடச் சின்ன வெளியீடு) கணக்கு. வினியோகக் கம்பெனிக்கு மூன்று, நான்கு வாரம் முன்னாலேயே ஏற்றுங்கள். ஸ்பாட்டிஃபை ஆசிரியர் குழுவுக்குப் பாட்டைச் சொல்லக் குறைந்தது 7 நாள் முன்னால் வேண்டும். அட்டைப் படம் 3000க்கு 3000. பாடகியை ‘உடன்’ கலைஞராகப் பதியும்போது அவருடைய சரியான பக்கத்தைத் தேடி இணையுங்கள், இல்லாவிட்டால் அதே பெயருள்ள வேறொருவர் பக்கத்தில் போய் உட்காரும். அவர் பாடிய பாட்டை முதலாவதாக வைக்காதீர்கள். ஒரு பாட்டிலாவது உங்கள் குரலும் ஒரே ஒரு வாத்தியமும் மட்டும் இருக்கட்டும், அதை முதலில் வையுங்கள். உங்களை யாருக்கும் தெரியாது, முதல் பாட்டில் கேட்கிறவருக்கு நீங்கள் கேட்க வேண்டும். பாட்டு எழுதி மெட்டமைத்தவர் என்ற முறையில் ஐ.பி.ஆர்.எஸ்.ஸில் (பாட்டெழுதுகிறவர், இசையமைக்கிறவர்களுக்கு ராயல்டி வசூலித்துத் தரும் சங்கம்) உறுப்பினராகிவிடுங்கள்.

ஆயாவின் தாலாட்டுக்கு மேலே சொன்ன எதுவுமே பொருந்தாது. சுருதி கேட்காதீர்கள், கிளிக் காட்டாதீர்கள், மெத்தை அறையில் உட்கார வைக்காதீர்கள், ஹெட்போன் வேண்டவே வேண்டாம். தாலாட்டு பாட்டாக நினைவில் இருப்பதில்லை, ஆட்டுகிற கையில் இருக்கிறது. தொட்டிலோ ஊஞ்சலோ கட்டி, கயிற்றைக் கையில் கொடுங்கள். குழந்தை இருந்தால் இன்னும் நல்லது. அம்மான் என்னென்ன சீர் கொண்டுவந்தார் என்று வரிசை வரும்போது பெயர்களை மாற்றிப் பாடுவார், நடுவில் நிறுத்தி இன்னார் மகன் இன்னார் என்று விளக்கமும் சொல்வார். எல்லாவற்றையும் ஓடவிடுங்கள், வெட்டாதீர்கள். அவர் எந்தச் சுருதியில் பாடி நிறுத்துகிறாரோ அதிலிருந்து முதல் பாட்டைத் தொடங்க முடியுமா என்று அப்புறம் பாருங்கள், அவரை உங்கள் பாட்டுக்கு இழுக்காதீர்கள். பழைய தாலாட்டு வரி யாருடையதும் இல்லை, ஆனால் பாடியவர் அவர். பாடகர் என்ற இடத்தில் ‘ஆயா’ என்று போடாமல் முழுப் பெயரைப் போடுங்கள்.

இதற்கு மார்கழி வரை காத்திருக்க வேண்டாம். நல்ல மைக்கும் வேண்டாம், போனை ஏரோபிளேன் மோடில் போட்டு ஊஞ்சல் பக்கத்து முக்காலியில் மடித்த துண்டு மேல் வைத்தால் போதும். வருகிற ஞாயிறு சாயங்காலம் போங்கள், ஃபேனை மட்டும் நிறுத்திவிடுங்கள்.